34 வயதில் புதிய ஆட்டம்

ஜப்பானின் டைசுகே தகாஹாஷி 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் தனிநபர் பிரிவில் வெண்கலம் வென்றவர். அந்தப் பிரிவில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசிய ஆண் அவரே. அதே ஆண்டு உலகச் சாம்பியனும் ஆனார். முழங்கால் தசைநார் கிழிந்து, ஒரு பருவம் முழுக்கக் களமிறங்க முடியாமல் இருந்து மீண்டவர் அவர்.

2020இல், 34 வயதில், கானா முராமோதோவுடன் ஐஸ் டான்ஸ் என்னும் ஜோடி நடனப் போட்டியில் இறங்கினார். இதில் காற்றில் பலமுறை சுழலும் தாவல்கள் கிடையாது. துணையைத் தலைக்கு மேல் கை உயர்த்தித் தூக்கவும் விதி இடம் தராது. இருவரின் காலணிக் கத்திகளும் மிக நெருக்கமாக, ஒரே சாய்வில், இசையின் தாளத்தோடு வளைந்து செல்ல வேண்டும். தனியாக ஆடிப் பழகியவர், இன்னொருவரின் எடையையும் வேகத்தையும் தாங்கக் கற்க வேண்டும்.

கற்றார்! 2022 நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப்பில் இந்த ஜோடிக்கு வெள்ளி. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான் தேசியப் பட்டம். 2023 மே மாதம் இருவரும் போட்டிகளிலிருந்து ஓய்வை அறிவித்தார்கள்.

உச்சியைத் தொட்ட பிறகும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கத் துணிந்த தகாஹாஷி, தனிநபர், ஐஸ் டான்ஸ் இரண்டிலும் ஜப்பானின் தேசியச் சாம்பியன் ஆனவர்!