விடுமுறையும் தொழினுட்ப முகாமும்

மேலை நாடுகளிலே கோடைகாலம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறைக் காலம். அக்காலத்தில் சிறுவரைக் கூட்டி ஆடவும் பாடவும் காட்டில் உலாவவும் பழக்கும் முகாம்கள் அங்கு நெடுங்காலமாக உண்டு. 1977ஆம் ஆண்டில் மைக்கேல் சபின்ஸ்கி என்னும் பேராசிரியர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அத்தகைய முகாமொன்றிற் கணினியையும் சேர்த்தார். இன்று பல நாடுகளில் நடைபெறும் சிறுவர் தொழினுட்ப முகாம்களுக்கு அது ஒரு முன்னோடி.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அண்மைக் காலத்தில் இம்முயற்சி வேரூன்றி வருகிறது. யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பு 2012 முதல் நடத்திவரும் தொழினுட்பப் போட்டி பாடசாலை மாணவரையும் ஈர்த்துள்ளது. இலங்கையில் உயர்தர வகுப்புக்கெனத் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. பாடசாலை மூடிய மறுநாளே ரியூட்டரிக்குச் செல்லும் பிள்ளைக்கு, இம்முகாமும் இன்னொரு ரியூட்டரியாக முடிந்துவிடுமா?

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டினால் உணரலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். ஆதலால் வெங்காயத் தோட்டத்துக்கு எப்பொழுது நீர் இறைப்பது என்பது ஒவ்வொரு கமக்காரரும் அறியவேண்டிய செய்தி. அதனை அறிவிக்கும் சிறு கருவியொன்றை முகாமிற் பிள்ளைகள் செய்வதாகக் கொள்வோம். இரு உலோகக் கம்பிகளை மண்ணில் ஊன்றுகிறார்கள். ஈரமண்ணில் மின்சாரம் எளிதிற் பாயும். காய்ந்த மண்ணில் அரிதிற் பாயும். அந்த அளவைச் சிறு கணினி வாசித்து, குறித்த எல்லைக்குக் கீழே போனதும் மின்குமிழை ஏற்றவேண்டும்.

முதல் முயற்சியிலே குமிழ் எரியாமற் போகலாம். கம்பி கழன்றதா, கட்டளை வரியில் எழுத்துப் பிழையா, எல்லை தவறானதா என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தேடுகின்றனர். கோப்பாய்ச் செம்மண்ணுக்குப் பொருந்திய எல்லை, வடமராட்சி மணலுக்குப் பொருந்தவில்லை. இன்னும் ஒரு வியப்பு உண்டு. உவர்நீர் பாய்ந்த மண்ணில் மின்சாரம் மேலும் எளிதிற் பாய்வதால், மண் காயத் தொடங்கிய பின்னும் கருவி அதனை ஈரமென்றே காட்டிவிடும். இவ்வாறு கருவியின் பிழையைத் தேடப் புகுந்த பிள்ளை, தன் ஊரின் மண்ணையும் நீரையும் அறிந்துகொள்கிறது.

ரியூட்டரியிற் பிழைக்குப் புள்ளி குறையும். முகாமிற் பிழையே அடுத்த பாடத்தைத் தொடக்கிவைக்கும். 1967இல் சிறுவருக்கென லோகோ என்னும் கணினி மொழியை ஆக்கியவர்களுள் ஒருவரான செமூர் பப்பேட்டின் கொள்கையும் இதுவே. பிழையைக் கண்டு அஞ்சாமல், அதனை ஆராய்ந்து திருத்தும்பொழுதே பிள்ளை சிந்திக்கப் பழகுகிறது என்றார் அவர்.

இத்தகைய ஆராய்ச்சி தாய்மொழியில் நடந்தாலன்றிச் சிறுவருக்கு வசப்படாது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாக இருக்கலாம். ஏன், எப்படி என்னும் வினாக்கள் தமிழிலே எழவேண்டும். இது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார்.

ஆகவே, முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சான்றிதழைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கை கருவியைத் தொடுகிறதா, ஒரு கணினியை எத்தனை பேர் பகிர்கின்றனர், செய்த பொருள் பழுதானால் அதனைத் திருத்த நேரம் கொடுக்கப்படுகிறதா என்று கேட்பதே தகும். முகாம் நடத்துவோருக்கும் ஒரு கடமை உண்டு. நகரத்துப் பிள்ளைக்கு முகாம் நடைதூரம். நெடுந்தீவுப் பிள்ளையோ குறிகட்டுவானுக்குப் படகேறி வந்து, பின்னும் தரைவழியே நெடுந்தூரம் செல்லவேண்டும். சில கணினிகளையும் இரண்டு ஆசிரியர்களையும் தீவுக்கு அனுப்புவது, ஐம்பது பிள்ளைகளை நகரத்துக்கு அழைப்பதிலும் எளிது. விடுமுறையின் ஒரு வாரத்தையாவது அவ்வாறு ஒதுக்கினால், அத்தீவின் உவர்க் கிணறுகளை அளந்து பார்க்கும் கருவியை அத்தீவின் பிள்ளைகளே செய்துகொள்வர்.