ஒரு குப்பி சிறுநீரும் நான்காண்டுப் படிப்பும்

சீருடையும் சட்டமும் – 9

அமெரிக்க முப்படைகளின் அதிகாரிகளில் ஒரு பகுதியினர் மூன்று கல்விக்கழகங்களில் உருவாகிறார்கள். தரைப்படைக்கு நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட் (1802), கடற்படைக்கு மேரிலாந்தின் அன்னாபொலிஸ் (1845), விமானப்படைக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் (1954). ஒவ்வொன்றிலும் நாலாயிரம் பேர் அளவில் படிக்கிறார்கள். கல்விக் கட்டணம் கிடையாது. மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. பதிலுக்கு, பட்டம் பெற்ற பிறகு குறைந்தது ஐந்தாண்டுகள் அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும்.

சாதாரணக் கல்லூரி மாணவர் விடுதியில் கஞ்சாவுடன் சிக்கினால், பெரும்பாலும் நிர்வாகத்தின் எச்சரிக்கையோடு தப்பிவிடலாம். ராணுவக் கல்விக்கழக மாணவருக்கு அந்த வசதி இல்லை. தோளில் பதவிச் சின்னம் ஏறும் முன்பே அவர் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். வகுப்பறையில் மாணவர், சட்டத்தின் பார்வையில் படைவீரர் என்ற இந்த இரட்டை நிலைதான் போதைப்பொருள் வழக்குகளில் அவருக்கு நேர்வதைத் தீர்மானிக்கிறது.

சோதனை வந்த கதை

படைகளில் சிறுநீர்ச் சோதனை வியட்நாம் போரோடு வந்தது. அங்கே ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. 1971இல் அதிபர் நிக்சனின் அரசு, நாடு திரும்பும் வீரர்கள் விமானம் ஏறும் முன் சிறுநீர் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் அந்தச் சோதனையின் முதல் நோக்கம் சிகிச்சை; தண்டனை அல்ல.

போர் முடிந்தும் பழக்கம் குறையவில்லை. 1980இல் பாதுகாப்புத் துறை நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய 30 நாட்களுக்குள் ஏதேனும் ஒரு சட்டவிரோதப் போதைப்பொருளைப் பயன்படுத்தியதாக 27.6 சதவீதப் படையினர் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு, 1981 மே 26 அன்று, நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தரையிறங்கிய விமானம் விபத்துக்குள்ளாகி 14 பேர் இறந்தார்கள். தளத்தில் இறந்த பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. விபத்துக்குக் கஞ்சா காரணம் என்று கடற்படை சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி வாஷிங்டனை உலுக்கியது. சற்றும் சகிப்பதில்லை என்ற கொள்கை பிறந்தது. சோதனை முடிவைத் தண்டனைக்குச் சான்றாகப் பயன்படுத்தும் முறையும் வந்தது. 2002இல் அதே கணக்கெடுப்பு காட்டிய அளவு 3.4 சதவீதம்.

குப்பியின் பயணம்

யாரைச் சோதிப்பது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறது. பெயர் வந்தவர் அன்றே குப்பியை நிரப்பித் தர வேண்டும். ஆள் மாறாட்டமும் கலப்படமும் நடக்காதிருக்க, அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் அருகில் நின்று நேரடியாகப் பார்ப்பார். குப்பியில் பெயர் எழுதப்படுவதில்லை. அடையாள எண், சுருக்கொப்பம் போன்றவையே. மூடியின் மேல் முத்திரைப் பட்டை ஒட்டப்படும். அதன்பின் குப்பி யார் கையிலிருந்து யார் கைக்கு மாறினாலும் படிவத்தில் பதிவாகும். இந்தப் பதிவுச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் விரைவான நோயெதிர்ப்பொருள் சோதனை. கஞ்சாவுக்கு அதன் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். அதைத் தாண்டிய மாதிரி நிறை நிறமாலைமானியில் மூலக்கூறு அளவில் உறுதி செய்யப்படும். அங்கே எல்லை 15 நானோகிராம். எல்லைக்குக் கீழே தடயம் இருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்றே எழுதப்படும். பக்கத்தில் இருந்தவர் விட்ட புகையால் ஒருவர் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் இந்த எல்லைகளுக்கு ஒரு காரணம்.

சோதனைக்குத் தப்பும் சரக்கு

கஞ்சா அதிகம் புழங்குபவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தங்கும். கொக்கைனின் கழிவு இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை தெரியும். எல்.எஸ்.டி.யோ மைக்ரோகிராம் அளவில் உட்கொள்ளப்படுவது; தடயம் மிக விரைவில் மறைந்துவிடும். இந்தக் கால வேறுபாட்டை மாணவர்களும் அறிவார்கள். கல்விக்கழகங்களின் பெரிய வழக்குகளை வரிசைப்படுத்தினால், சோதனையில் எளிதில் சிக்காத பொருள் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

1995 அக்டோபரில் அன்னாபொலிஸில் வெடித்தது எல்.எஸ்.டி. விவகாரம். இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் விசாரணைக்கு உள்ளானார்கள். சிலர் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள், பலர் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர், எல்.எஸ்.டி. சிக்குவது அரிதாகிவிட்டது என்று கூறி 2006இல் பாதுகாப்புத் துறை அதற்கான வழக்கமான சோதனையைக் கைவிட்டது. பத்தாண்டுகள் கழித்து, வயோமிங் மாநிலத்தில் அணு ஏவுகணைகளைக் காக்கும் விமானப்படைத் தளத்து வீரர்களிடையே எல்.எஸ்.டி. புழக்கம் அம்பலமானது.

அடுத்து வந்தது ‘ஸ்பைஸ்’. உலர்ந்த இலைகளின் மேல் ரசாயனம் தெளித்துச் செய்யும் செயற்கைக் கஞ்சா. நறுமணப் பொருள் என்ற பெயரில் கடைகளிலேயே கிடைத்தது. அன்றைய வழக்கமான சோதனையில் தெரியவும் இல்லை. 2011 தொடக்கத்தில் அன்னாபொலிஸ் இதற்காக எட்டு மாணவர்களை வெளியேற்றியது. கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் இதே பொருள் குறித்து விசாரணை நடந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் இவ்வகைச் சரக்கில் சேரும் ஐந்து ரசாயனங்களை அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை தடைப்பட்டியலில் சேர்த்தது. தயாரிப்பாளர்கள் மூலக்கூறைச் சற்றே மாற்றி வேறு சரக்கை இறக்கினார்கள். செயற்கைக் கஞ்சா முப்படைகளின் வழக்கமான சோதனைப் பட்டியலில் இடம்பெற்றது 2013 டிசம்பரில்தான்.

ஃபென்டனைல் என்ற வீரியமிக்க செயற்கைப் போதைப்பொருள் 2019இல் பட்டியலில் சேர்ந்தது. இதில் ஆபத்து வேறு வகையானது. வாங்குபவருக்கே தெரியாமல் வேறு தூளில் கலந்து வருவது இது. 2022 மார்ச்சில், வசந்த விடுமுறைக்கு ஃபுளோரிடா சென்ற இளைஞர் குழு ஒன்று ஃபென்டனைல் கலந்த கொக்கைனால் மூச்சடங்கும் நிலைக்குப் போனது. அதில் வெஸ்ட் பாயின்ட் மாணவர்களும் இருந்தார்கள். பிடிபடுவோமா என்ற கேள்வியோடு பிழைப்போமா என்ற கேள்வியும் அதன்பின் சேர்ந்துகொண்டது.

மூன்று பாதைகள்

சிக்கியவர்மீது நடவடிக்கை மூன்று பாதைகளில் போகலாம். முதலாவது நிர்வாக நீக்கம். இதுவே அதிகம் நடப்பது. குற்றவியல் வழக்குக்குத் தேவையான அளவு சான்று இதற்குத் தேவையில்லை. உள்விசாரணை, கல்விக்கழகத் தலைவரின் பரிந்துரை என்று நகர்ந்து, கோப்பு படைத்துறைச் செயலர் வரை போகக்கூடும். நீக்கத்துக்கு முன் ராஜினாமா செய்து வெளியேறுபவர்களும் உண்டு. இரண்டாவது, நீதிமன்றம் இன்றி மேலதிகாரி வழங்கும் தண்டனை. மூன்றாவது, கோர்ட் மார்ஷல் எனப்படும் ராணுவ நீதிமன்ற விசாரணை.

ராணுவ நீதிச் சட்டத்தின் 112ஏ பிரிவின்படி, கஞ்சா பயன்படுத்தியதற்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை, கொக்கைன், எல்.எஸ்.டி. போன்றவற்றுக்கு 5 ஆண்டுகள்; விநியோகித்தால் 15 ஆண்டுகள் வரை. ஆகவே கோர்ட் மார்ஷலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விற்றவர்கள் அல்லது பிறருக்கு வாங்கிக் கொடுத்தவர்கள். தெரியாமல் உட்கொண்டுவிட்டேன் என்ற வாதத்துக்கு இடம் உண்டு; ஆனால் சிறுநீரில் பொருள் இருப்பதைக் கொண்டே தெரிந்துதான் உட்கொண்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

போதைப்பொருளைப் பயன்படுத்துவது ஒழுங்குக் குற்றம். அதை மறைக்கப் பொய் சொல்வது கல்விக்கழகத்தின் கௌரவ நெறிமுறையை மீறிய தனிக் குற்றம். கேள்வி கேட்கப்படும்போது மௌனம் காக்கும் உரிமை ராணுவ நீதிச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் உள்ளது. பொய் சொல்லும் உரிமை எதிலும் இல்லை. முதல் குற்றத்தை விட்டுவிட்டு இரண்டாவதாலேயே வெளியேற்றப்படக்கூடிய நிலை இதனால் உருவாகிறது.

நீக்கத்தோடு கணக்கு முடிவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் வெளியேறுபவருக்குப் பொதுவாகக் கடன் இல்லை. மூன்றாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கியதும் சேவை ஒப்பந்தம் இறுகுகிறது. அதன்பின் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்ற நேரலாம். அல்லது அரசு தனக்காகச் செலவிட்ட கல்விச் செலவைத் திருப்பிச் செலுத்த நேரலாம். அந்தத் தொகை லட்சம் டாலரைத் தாண்டக்கூடியது.

மாநிலம் ஒரு பக்கம், ராணுவம் ஒரு பக்கம்

கொலராடோவில் கஞ்சா 2012 வாக்கெடுப்பால் சட்டப்படி ஆனது. நியூயார்க்கில் 2021இல், மேரிலாந்தில் 2023இல். இன்று மூன்று கல்விக்கழகங்களும் கஞ்சாவை அனுமதிக்கும் மாநிலங்களில்தான் இருக்கின்றன. வாயிலுக்கு வெளியே 21 வயதானவர் கடையில் வாங்கலாம். அதே வயது மாணவர் அதையே புகைத்தால் கூட்டாட்சிச் சட்டப்படியும் ராணுவச் சட்டப்படியும் குற்றவாளி. ஹெம்ப் என்ற கஞ்சா இனச் சணலிலிருந்து எடுக்கப்படும் சி.பி.டி. எண்ணெய் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது; 2020இல் பாதுகாப்புத் துறை படையினருக்கு அதையும் தடை செய்தது.

பழக்கத்திலிருந்து மீள நினைப்பவருக்கு வழி குறுகலானது. பிடிபடும் முன் தானாக வந்து உதவி கேட்பவரின் வாக்குமூலத்துக்குத் தரைப்படை வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு தருகிறது. பதவி நிலைக்கும் என்ற உறுதியை அது தருவதில்லை. கடற்படை இதைவிடக் கடுமையானது. அதனால் சிகிச்சை கேட்கத் தயங்கும் மாணவர், பழக்கத்தோடு ரகசியத்தையும் சுமக்கிறார்.

112ஏ பிரிவு 1983இல் சட்டமானது. அதன்பின் மாணவரிடம் புழங்கும் சரக்கு மாறிய ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் திருத்தியது சோதனைப் பட்டியலைத்தான். இளைஞர்களைத் தடுப்பது ‘எவ்வளவு தண்டனை’ என்பதைவிட ‘பிடிபடுவது எவ்வளவு உறுதி’ என்பதே என்று இந்த வரலாறு காட்டுகிறது. அந்த உறுதியோடு, தானாக முன்வந்து உதவி கேட்பவருக்கான கதவும் அகலத் திறக்கும் வரை, இந்த முறை பாதி வேலையைத்தான் செய்யும்.

(தொடரும்)