கணிப்பொறிக்கு வெளியே ஒரு களஞ்சியம்

வீட்டுக் கணிப்பொறிக்குள் என்னென்ன சேர்ந்துவிடுகின்றன! அக்காவின் திருமணப் படங்கள், தாத்தா பேசிய வீடியோ, நீங்கள் ஒரு மாதம் உழைத்துத் தயாரித்த அறிவியல் கண்காட்சிக் கட்டுரை எல்லாம் அதற்குள்தான். ஒரு நாள் “இடம் நிரம்பிவிட்டது” என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. வெளியில் இணைக்கும் தட்டு ஒன்று வாங்க வேண்டியதுதான். ஆனால் கடையில் கேட்டால் வன்தட்டு, எஸ்.எஸ்.டி., 5 ஜிகாபிட், 40 ஜிகாபிட், டைப்-சி என்று பெயர்களை அடுக்குகிறார்கள். விலையிலோ பெரிய வேறுபாடு. எதை வாங்குவது?

இதற்கு விடை காண மூன்று செய்திகள் தெரிந்தால் போதும். பெட்டிக்குள் இருப்பது என்ன? அதையும் கணிப்பொறியையும் இணைக்கும் வழி எது? நமக்கு அது எதற்குத் தேவை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுழலும் தட்டு

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த இயந்திரம் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த அளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்!

அளவு சுருங்கிவிட்டாலும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கிறது. சிறிய கை ஒன்றின் நுனியில் உள்ள தலை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி செய்திகளை எழுதுகிறது, படிக்கிறது. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். தட்டு சுழலும்போது பெட்டி கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தலை தட்டில் மோதும்; மோதிய இடத்தில் உள்ளவை அழியும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்திற்கு 5400 சுற்று என்றால் வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தேவையான இடம் தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். கை சரியான வட்டத்துக்கு நகர இன்னும் 10 மில்லிவினாடி ஆகும். ஒரு பெரிய திரைப்படக் கோப்புக்கு இந்தத் தாமதம் ஒன்றுமே இல்லை. ஆனால் 10,000 சிறு கோப்புகள் இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை தேடினாலே, தேடுவதில் மட்டும் இரண்டரை நிமிடம் போய்விடும்.

தொடர்ச்சியாக உள்ள பெரிய கோப்புகளை, கையடக்கமான வன்தட்டு வினாடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரை தரும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னர் பயன்படும்.

சுழலாத ‘தட்டு’

எஸ்.எஸ்.டி. என்பதில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. உள்ளே இருப்பவை சிலிக்கான் சில்லுகள். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இதன் அடிப்படை. நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி வைப்பதன் மூலம் இது செய்திகளைச் சேமிக்கிறது. தேடி நகரும் கை இல்லாததால், சிறு கோப்புகள் எத்தனை இருந்தாலும் விரைவாக எடுக்கலாம். கீழே விழுந்தாலும் வன்தட்டைப் போல எளிதில் பழுதாவதில்லை.

குறை இல்லையா? உண்டு. ஒரே கொள்ளளவுக்கு விலை கூடுதல். மேலும், மின்சாரமே காட்டாமல் பல ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்தால், சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிந்துவிடக்கூடும்.

பிட்டும் பைட்டும்

இனி இணைப்புக்கு வருவோம். இன்று எங்கும் காணப்படுவது யு.எஸ்.பி. இது 1996-இல் வினாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் தொடங்கியது. 2000-இல் வந்த யு.எஸ்.பி. 2.0 வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. 2008-இல் யு.எஸ்.பி. 3.0 வெளியானபோது அது 5 ஜிகாபிட், அதாவது 5000 மெகாபிட் ஆயிற்று. பின்னர் 10, 20, 40 ஜிகாபிட் வகைகளும் வந்தன. தண்டர்போல்ட் என்ற இணைப்பு 2015-இலேயே 40 ஜிகாபிட்டை எட்டியது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள்; கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 480 மெகாபிட் என்பது 60 மெகாபைட்தான். அதிலும் ஒரு பகுதி, இரு முனைகளும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்வதில் செலவாகிவிடும். நடைமுறையில் யு.எஸ்.பி. 2.0 தருவது வினாடிக்கு 35 முதல் 40 மெகாபைட். 5 ஜிகாபிட் இணைப்பு 400 மெகாபைட் அளவில் தரும்.

மோட்டாரும் வாய்க்காலும்

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் இறைப்பது கொஞ்சம் நீர் என்றால், வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பயிருக்குக் கூடுதலாகக் கிடைக்காது. மோட்டார் பெரிதாக இருந்து வாய்க்கால் குறுகலாக இருந்தாலும் அதே கதைதான். தட்டுதான் மோட்டார்; இணைப்புதான் வாய்க்கால். இரண்டில் எது குறைவோ அதுவே உங்களுக்குக் கிடைக்கும் வேகம்.

50 ஜிகாபைட் படங்களை நகல் எடுப்பதாகக் கொள்வோம். யு.எஸ்.பி. 2.0-இல் வன்தட்டை இணைத்தால் ஏறத்தாழ 24 நிமிடம் ஆகும். அதே துளையில் விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.யை இணைத்தால்? அதுவும் 24 நிமிடம்தான்! 5 ஜிகாபிட் இணைப்பில் வன்தட்டுக்கு 7 நிமிடம், எஸ்.எஸ்.டி.க்கு 2 நிமிடம். சரி, அந்த வன்தட்டை 40 ஜிகாபிட் இணைப்பில் பொருத்தினால்? அதே 7 நிமிடம்தான். வாய்க்கால் அகலமானது; மோட்டார் மாறவில்லை.

முனையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

டைப்-சி என்பது முனையின் வடிவத்தைக் குறிக்கும் பெயர். வேகத்தின் பெயர் அன்று. கைபேசிக்கு மின்னேற்றம் செய்யக் கொடுக்கும் டைப்-சி கேபிள்களில் பல, யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு மேல் போகாதவை. அந்தக் கேபிளால் தட்டை இணைத்துவிட்டு, தட்டைக் குறை சொல்வதில் பயனில்லை. தட்டுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

பழைய செவ்வக வடிவத் துளைகளில் யு.எஸ்.பி. 2.0-க்கு 4 தொடுமுனைகள் உண்டு, 3.0-க்கு 9. பெரும்பாலும் 3.0 துளையின் உள்ளே நீல நிறம் இருக்கும். 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 ஆகிய மூன்றும் ஒரே 5 ஜிகாபிட் வேகத்திற்கு வெவ்வேறு காலத்தில் இட்ட பெயர்கள். எனவே பெயரை விட்டுவிட்டு 5, 10, 20, 40 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். ஃபயர்வயர், ஈ-சாட்டா போன்ற பழைய இணைப்புகள் மட்டுமே உள்ள தட்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். புதிய கணிப்பொறிகளில் அவற்றுக்கு இடமில்லை.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டரை அங்குல வன்தட்டு தனக்குரிய மின்சாரத்தைக் கேபிள் வழியாகவே எடுத்துக்கொள்ளும். யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தரும். சுழலத் தொடங்கும் கணத்தில்தான் தட்டுக்கு மின்னோட்டம் அதிகம் தேவை. நீளமான, மெல்லிய கேபிளில் இணைத்தால் சில சமயம் அது ‘டிக் டிக்’ என்று ஒலித்துவிட்டு நின்றுவிடும். மூன்றரை அங்குல வன்தட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும். அது மேசையில் வைத்துப் பயன்படுத்துவதற்கே ஏற்றது.

எதை வாங்கலாம்?

படங்களையும் வீடியோக்களையும் சேமித்து, எப்போதாவது எடுத்துப் பார்க்கப் போகிறீர்களா? 5 ஜிகாபிட் இணைப்புள்ள சாதாரண வன்தட்டு போதும். பையில் போட்டு எடுத்துச் செல்வீர்களா, வீடியோவை அதில் வைத்தபடியே வெட்டி ஒட்டுவீர்களா? எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் கணிப்பொறியில் உள்ள துளை எத்தனை ஜிகாபிட் என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய கணிப்பொறியில் 2.0 துளை மட்டுமே இருந்தால், வேகத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

1 டெராபைட் தட்டை இணைத்ததும் விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024 ஆகக் கணக்கிடுகிறது. ஒரு லட்சம் கோடியை 1024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், விடை கிடைக்கும்!

எல்லாவற்றுக்கும் மேலான விதி

வெளித் தட்டில் ஏற்றியாயிற்று என்று கணிப்பொறியில் உள்ளவற்றை உடனே அழித்துவிடுவோர் பலர். அப்படிச் செய்தால் உங்களிடம் இருப்பது பிரதி அன்று. மூலத்தை வேறொரு பெட்டிக்கு மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான். வன்தட்டானாலும் எஸ்.எஸ்.டி. ஆனாலும் ஒரு நாள் பழுதாகவே செய்யும். தாத்தாவின் குரலை மறுபடியும் பதிவு செய்ய முடியாது. ஆகவே முக்கியமானவை எப்போதும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்றை உறவினர் வீட்டில் வைத்தால், வெள்ளமோ தீயோ திருட்டோ இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகாது.

செய்து பாருங்கள்: 1 ஜிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பை வெளித் தட்டுக்கு நகல் எடுத்து, ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பின்பு அதே மொத்த அளவுள்ள பல நூறு சிறு படங்களை நகல் எடுங்கள். கேபிளையும் துளையையும் மாற்றி மீண்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் குறுகலாக இருப்பது மோட்டாரா, வாய்க்காலா என்பது தெரிந்துவிடும். எதை மாற்றினால் வேகம் கூடும் என்பதையும் அந்த அட்டவணையே சொல்லும்.