சிவப்பில் பச்சை குத்தினால்

ஜவ்வாது மலைக் காடுகளில் சேங்கொட்டை மரம் உண்டு. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் அதன்மேல் கத்தி வைக்க யோசிப்பார்கள். பால் தெறித்த இடம் தடித்து, சிவந்து, கொப்புளம் கட்டும். முகத்தில் பட்டால் கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். மரத்தடியில் நின்றாலே போதும், வந்துவிடும் என்பவர்களும் உண்டு. கேரளத்தில் இதற்கு மாற்று என்று தான்றி மரத்தைச் சுற்றி வருவார்கள். அப்படிச் சுற்றி வந்தால் அரிப்பு அடங்கும் என்பதற்கு மருத்துவச் சான்று ஏதும் கிடையாது. சேங்கொட்டை தோலைப் படுத்தும் என்பதற்கோ வேண்டிய மட்டும் இருக்கிறது.

மாவும் முந்திரியும் இதன் பங்காளிகள். ஆரஞ்சு நிறச் சதைக்காம்பின் நுனியில் பளபளக்கும் கறுப்புக் கொட்டை உட்கார்ந்திருக்கும். சலவைத் தொழிலாளர்கள் அந்தக் கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் சாற்றைத் தொட்டு, துணியின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு. அதற்குப் பிறகு வெள்ளாவியில் வைத்தாலும், கல்லில் அடித்தாலும் அந்தக் கறுப்பு போகாது.

துணியில் இருந்து போகாத மை, தோலோடு சண்டை பிடித்த கதை 1943-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்காக இந்தியா வந்த அமெரிக்கப் படையினருக்குப் பின்கழுத்திலும் இடுப்பிலும் சொல்லிவைத்தாற்போல அரிப்பும் கொப்புளமும். துணியில் இருந்த சலவைக்குறி எங்கே பட்டதோ சரியாக அங்கேதான். துவைத்தும் அந்த வீரியம் குறையவில்லை. சேங்கொட்டைச் சாற்றில் உள்ள பிலாவனால், அமெரிக்கக் காடுகளில் படரும் நச்சுப்படர்கொடியின் எண்ணெய்க்கு நெருங்கிய உறவு. ஊரில் அந்தக் கொடியை உரசியிருந்த உடம்பு, இங்கே வந்ததும் பழைய பகையை அடையாளம் கண்டுகொண்டது.

ஒவ்வாமையின் சூட்சுமம் இதுதான். பிலாவனால் தனியாக மிகச் சிறிய மூலக்கூறு. அது தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டதும் அந்தப் புரதம் உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது. தோலில் காவல் இருக்கும் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அங்கே டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அதை மனப்பாடம் செய்துகொள்கின்றன. முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மறுபடி பட்டால், ஒன்றிரண்டு நாளில் டி செல்கள் கும்பலாக வந்து இறங்கும். தேள் கொட்டியதுபோல உடனே கடுக்காததால், எதனால் வந்தது என்று பலருக்கும் பிடிபடுவதில்லை.

துணியில் போட்ட குறி மேல்தோலை உரசியதற்கே இந்தப் பாடு. பச்சை குத்தும்போது மை ஊசி வழியாக உள்தோலுக்கே போகிறது. அங்குள்ள பெருவிழுங்கிச் செல்கள் மைத்துகளை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. ஒரு செல் செத்தால் அது உமிழ்ந்த துகளை அடுத்த செல் விழுங்குகிறது. எலிகளில் இதைக் கண்டுபிடித்து 2018-இல் வெளியிட்டவர்கள் பிரான்ஸ் ஆய்வாளர்கள். பச்சை ஆயுசுக்கும் அழியாத ரகசியம் அதுதான். ஒவ்வாத மையாக இருந்தால் தொல்லையும் அதே மாதிரி அங்கேயே தங்கிவிடும்.

நம் பாட்டிகளின் கைகளில் உள்ள பச்சை ஏன் அவ்வளவாக அரிக்கவில்லை? சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட நூலில் அந்த மையின் செய்முறை இருக்கிறது. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் வைத்துத் திரியாக உருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, படிகிற கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். குத்தியவர்கள் குறவர் சமூகப் பெண்கள். கரி, புரதத்தோடு எளிதில் வினைபுரியாத பொருள். அதனால் கறுப்பில் ஒவ்வாமை குறைவு. தாய்ப்பாலும் ஒரே ஊசியும் கிருமியைக் கடத்தியிருக்கும், அது வேறு ஆபத்து. பழையதெல்லாம் பத்திரம் என்று சொல்ல நான் தயாரில்லை.

சிவப்புதான் உலகம் முழுக்கத் தோல் மருத்துவர்களிடம் அதிகம் வருகிறது. முன்பு சிவப்புக்குப் பாதரசம் கலந்த சாதிலிங்கம் பயன்பட்டது. இப்போது பெரும்பாலும் அசோ வகைச் செயற்கை நிறமிகள். ஒரே கையில் ரோஜாப் பூவை வரைந்திருப்பார்கள். கறுப்புக் காம்பு சமதளமாக இருக்க, சிவப்பு இதழ் மட்டும் மேடிட்டுத் தடித்து, நமநமவென்று அரிக்கும். குத்திய சில வாரங்களிலும் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம். ஒட்டுச் சோதனை செய்தால் பல நேரம் ஒன்றும் காட்டாது. நிறமி தோலுக்குள் சிதைந்து உருவாகும் புதுப்பொருளே காரணமாக இருக்கலாம் என்பதால், புட்டியில் இருக்கும் மையைப் பூசிப் பார்த்துப் பயனில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் பச்சை மைகளில் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கர்நாடக அரசு 2025-இல் மை மாதிரிகளில் 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொல்லி, மைக்குத் தரநிர்ணயம் வேண்டும் என்று கேட்டது. நியாயமான கோரிக்கை. கண்மைப் புட்டியின் மேலே என்ன கலந்திருக்கிறது என்று அச்சடிக்கச் சொல்கிற நாட்டில், தோலுக்குள் இறக்கும் மைக்கு அதைவிடக் கடுமையான விதி இருக்க வேண்டும்.

திருவிழாக் கடையிலோ நகரத்து ஸ்டுடியோவிலோ கலரில் குத்திக்கொள்ள நினைப்பவர்கள், மைப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹேர்டை பூசித் தலை வீங்கிய அனுபவம் உள்ளவர்கள் கலரின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. சிவப்புப் பகுதி மேடிட்டு வாரக்கணக்கில் அரித்தால், தோல் மருத்துவரிடம் அந்தப் படத்தோடு போங்கள். ஸ்டீராய்டு களிம்போ ஊசியோ, அடங்காவிட்டால் அந்த இடத்தை வெட்டி எடுப்பதோ அவர் முடிவு செய்வார். அவரைக் கேட்காமல் லேசர் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். உடைந்த நிறமி ரத்தத்திலும் நிணநீரிலும் பரவி, கையில் இருந்த அரிப்பு உடம்பு முழுக்க வந்துவிடலாம்.