பொதுக் கணினியும் சொந்தத் திறவுகோலும்

வானிலையைக் கணிப்பதற்கும், மரபணுக்களின் வரிசையை ஆராய்வதற்கும், நட்சத்திர மண்டலங்களின் போக்கை அறிவதற்கும், நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே வலையில் பிணைத்து, பல துறை ஆராய்ச்சியாளர்கள் முறை வைத்து உபயோகிக்கும் கிளஸ்டர்கள் இன்று உலகின் பல ஆராய்ச்சி ஸ்தாபனங்களில் இயங்கி வருகின்றன. கணக்கு முடிந்ததும் அங்கே எழுகிற முதற் கவலை, விளைந்த தரவை எங்கே பத்திரப்படுத்துவது என்பதுதான். கிளஸ்டரின் வேகமான வட்டில் கிடைக்கும் இடம் தற்காலிகமானது. கலிபோர்னியாவின் பெர்க்லியிலுள்ள நெர்ஸ்க் நிலையத்தின் பெர்ல்மட்டர் கணினியில், பல வாரங்கள் தீண்டப்படாத கோப்புகள் அவ்வட்டிலிருந்து நீக்கப்பட்டுவிடும். ஆகவே தரவைக் கூகுள் டிரைவ் போன்ற மேகக் களஞ்சியம் ஒன்றுக்கு அனுப்ப விரும்புகிறவருக்கு, சாளரமும் சுட்டியும் இல்லாத கிளஸ்டரின் கறுப்புத் திரையில் கட்டளையாலேயே இயங்கும் ஒரு சாதனம் அவசியமாகிறது.

அத்தகைய சாதனங்களில் பிரசித்தி பெற்றது ஆர்குளோன். 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் உருவாக்கிய ஆர்சிங்க் என்ற நிரலை முன்மாதிரியாகக் கொண்டு, நிக் கிரெய்க்-வுட் என்பவர் 2012 முதல் கோ மொழியில் எழுதி வளர்த்து வந்தது இது. வேறு எந்த நிரல் நூலகத்தையும் சார்ந்திராமல் ஒரே கோப்பாக இயங்குவதால், நிர்வாகியின் அதிகாரம் சிறிதும் இல்லாத சாதாரணப் பயனாளியும் இதைத் தம் சொந்த அடைவில் இறக்கி வைத்து உடனே பிரயோகிக்கலாம். பல கிளஸ்டர்களில் அந்தச் சிரமமும் இன்றி, மாட்யூல் லோட் என்ற கட்டளையாலேயே இதை வரவழைத்துக்கொள்ளலாம். இங்ஙனம் எவருடைய சம்மதமும் கோராமல் நிறுவிக்கொள்ள முடிவதாலேயே, விளைவுகளுக்கான பொறுப்பு முழுவதும் நிறுவுகிறவரையே சேர்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நிறுவியபின் கான்ஃபிக் என்ற கட்டளையை இட்டால், ஆர்குளோன் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வரும். களஞ்சியத்துக்கு ஒரு பெயர் சூட்டி, அதன் வகையைச் சொன்னபின், எவ்வளவு அனுமதி வழங்குவது என்ற கேள்வி வரும். பெரும்பாலோர் இதை யோசியாமல் கடந்துவிடுகிறார்கள். கூகுள் டிரைவைப் பொறுத்தவரை முழு அனுமதியும் தரலாம். படிக்க மட்டும் தரலாம். ஆர்குளோன் தானே படைத்த கோப்புகளை மட்டும் அணுகும்படியும் தரலாம். கிளஸ்டரிலிருந்து முடிவுகளை ஏற்றுவதே நோக்கமானால் இக்கடைசி வகையே போதும். குடும்பப் புகைப்படங்களும் பழைய கடிதங்களும் இருக்கும் களஞ்சியம் முழுவதையும் பொதுக் கணினி ஒன்றுக்குத் திறந்துவிட யாதொரு காரணமும் இல்லை.

அடுத்து, கணக்கின் உரிமையாளர் தாமே என்று உலாவியில் உறுதி செய்யும் கட்டம் வரும். கிளஸ்டரில் உலாவி கிடையாதாகையால், தானாக உறுதி செய்யட்டுமா என்ற கேள்விக்கு இல்லை என்று விடையளித்துவிட்டு, தம் மடிக்கணினியிலும் ஆர்குளோனை நிறுவி, அங்கே ஆதரைஸ் கட்டளையை இட்டு, உலாவியில் சம்மதம் தந்தபின் திரையில் தோன்றும் டோக்கன் எனும் நீண்ட எழுத்துக்கோவையைக் கிளஸ்டரின் திரையில் ஒட்ட வேண்டும். எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பில் சுரங்கம் அமைத்து, அதன் வழியே 53682 என்னும் எண்ணுள்ள துறையை (போர்ட்டை) மடிக்கணினியோடு இணைத்தும் இதே காரியத்தைச் சாதிக்கலாம்.

அந்த டோக்கன் ஒரு வீட்டுத் திறவுகோலைப் போன்றது. கையில் வைத்திருப்பவர் யாராயினும் கதவு திறக்கும். அது பயனாளியின் சொந்த அடைவில் உள்ள ஆர்குளோன்.கான்ஃப் என்ற கோப்பில், மறைக்கப்படாத எழுத்தாகவே எழுதப்படுகிறது. அந்தக் கோப்பை உரியவர் மட்டுமே படிக்கும்படி 600 என்ற அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். முழு அடைவையும் சகாக்களுக்குத் திறந்து வைப்பது ஆராய்ச்சிக் குழுக்களில் சகஜமான பழக்கமாதலால் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பு முழுவதையும் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்யும் வசதியும் கான்ஃபிக் கட்டளையிலேயே உண்டு.

தரவு மாற்றத்தைத் தொடங்குமிடமும் கவனத்துக்குரியது. அனைவரும் நுழையும் லாகின் கணினியில் பெரிய பிரதியெடுப்பை நடத்தினால் மற்றவர்களின் வேலை தடைப்படும். கணக்கிடும் கணினிகளுக்கோ பல இடங்களில் இணையமே இராது. இதற்கென்றே தரவு மாற்றக் கணினிகள் பிரத்தியேகமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் பயோவுல்ஃப் கிளஸ்டருக்கு ஹெலிக்ஸ் அவ்வாறு அமைந்தது. கூகுள் டிரைவ் ஒரு நாளில் 750 ஜிபிக்கு மேல் ஏற்ற அனுமதிப்பதில்லை. சிறு கோப்புகளை ஏற்றுவதிலும் அது மிக மெதுவாகையால், ஆயிரக்கணக்கானவற்றை டார் கோப்பு ஒன்றில் கட்டி அனுப்புவது நலம்.

காப்பி, சிங்க் என்ற இரு கட்டளைகளின் பேதத்தை அறியாதவர் பெருநஷ்டம் அடைய நேரும். காப்பி சேர்க்கும், மாறியதைப் புதுப்பிக்கும்; சிங்கோ, மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் அழித்துவிடும். கிளஸ்டரின் வட்டு துப்புரவு செய்யப்பட்டபின் அறியாமல் சிங்க் இட்டால், களஞ்சியத்தில் பத்திரமாயிருந்த பிரதியும் அதனோடு போய்விடும். டிரை-ரன் என்ற குறிப்பைச் சேர்த்து, நடக்கப்போவதை நடத்தாமலே முதலில் பார்த்துக்கொள்ளலாம். மாற்றம் முடிந்ததும் செக் கட்டளை இரு பக்கத்துக் கோப்புகளையும் ஒப்பிட்டுச் சொல்லும்.

ஆய்வு முடிந்து கிளஸ்டரை விட்டு நீங்குகிறவர் கான்ஃப் கோப்பை அழிப்பதோடு நின்றுவிடலாகாது; அதன் நகல் கிளஸ்டரின் காப்புப் பிரதிகளில் தங்கியிருக்கக்கூடும். தம் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, ஆர்குளோனுக்கு அளித்த அனுமதியை ரத்துச் செய்துவிட்டால், அதன்பின் எந்த நகலில் உள்ள டோக்கனும் செல்லாது.