இருதயத்துக்கு ஆபரேஷன்; வலி மட்டும் காலில்!
கையில் குழாய் எடுத்தால் நாடி நின்று போகுமா?

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க, சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாகச் சொந்தக்காரர்கள் போவார்கள். "நெஞ்சு வலிக்குதா?" என்பதுதான் முதல் கேள்வி.

"நெஞ்சு பரவாயில்லீங்க. இந்தக் காலுதான் படுத்துது!" என்று பதில் வருவது உண்டு.

ஆபரேஷன் நெஞ்சில். வலி ஏன் காலில்?

விவரம் வருமாறு:-

இருதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைத் தாண்டி ஒரு மாற்றுப் பாதை போடுகிறார்கள். அண்ணா சாலையில் பள்ளம் தோண்டினால் பஸ்ஸை வேறு தெரு வழியாகத் திருப்பி விடுகிறார்களே, அது மாதிரிதான்.

அந்தப் பாதைக்குக் குழாய் வேண்டும். இவ்வளவு சின்ன இடத்தில் செயற்கைக் குழாய் வைத்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எனவே நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கிறார்கள். மார்பின் உள்பக்கம் ஓடும் குழாய்தான் ரொம்ப உசத்தி. ஆனால் 2, 3 இடத்தில் அடைப்பு என்றால் அது போதாது. அப்போது காலுக்குப் போகிறார்கள்.

பெரம்பூரில் முதல் ஆபரேஷன்

1967-ல் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரில் டாக்டர் பவலோரோ இப்படிக் கால் குழாயை எடுத்து வைத்து வழி காட்டினார். இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷன் 1975-ல் நம்ம பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். 2025 ஜனவரியில் அவர் காலமானார்.

கால் குழாயில் 2 தொல்லை. கணுக்காலில் இருந்து தொடை வரை நீளமாகக் கிழித்து எடுத்தால் புண் இழுக்கும், கால் வீங்கும். சர்க்கரை வியாதிக்காரர் என்றால் ஆற நாளாகும். கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு ஒரு பக்கம் கூடிக்கொண்டு வர, காலில் கட்டு மாற்றவே ஆஸ்பத்திரிக்கு நடப்பவர்கள் உண்டு!

இன்னொரு தொல்லை, அது காலப்போக்கில் அடைத்துக்கொள்கிறது. 10 ஆண்டில் ஏறக்குறைய பாதிக் குழாய்கள் அடைந்துவிடுகின்றன என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கைக்கு வந்த யோகம்

அதனால்தான் இப்போது கைக் குழாய்க்கு மவுசு. வைத்தியர்கள் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிறார்களே, அதே குழாய்தான்!

"ஐயோ, நாடியையே எடுத்துட்டா கை என்னாவது?" என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். நியாயமான பயம்தான். ஆனால் உள்ளங்கைக்கு ரத்தம் வர 2 வழி இருக்கிறது. கட்டை விரல் பக்கம் ஒன்று, சுண்டு விரல் பக்கம் ஒன்று. ஒன்றை எடுத்தாலும் மற்றது தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள்.

அந்தச் சோதனை ரொம்ப எளிது. கையை இறுக மூடச்சொல்லி, மணிக்கட்டில் 2 குழாயையும் டாக்டர் அழுத்திப் பிடிப்பார். கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டு விரல் பக்கத்தை மட்டும் விடுவார். சில விநாடியில் சிவப்பு ஏறினால் சரி. ஏறாவிட்டால் அந்தக் கையைத் தொடமாட்டார்கள். ஸ்கேன் வைத்தும் பார்ப்பதுண்டு.

பாரீஸ் டாக்டர் கார்ப்பந்தியே 1970-களின் தொடக்கத்திலேயே கைக் குழாயை வைத்துப் பார்த்தார். குழாய் சுருங்கி அடைத்துக்கொள்கிறது என்று கைவிட்டார்கள். பல வருஷம் கழித்துப் பார்த்தால், 'போச்சு' என்று நினைத்த சில குழாய்கள் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன! 1992-ல் மறுபடி பாரீசிலிருந்தே நல்ல செய்தி வந்தது. சுருங்காமல் இருக்க இப்போது மருந்து கொடுக்கிறார்கள்.

2018-ல் 6 ஆய்வுகளைச் சேர்த்து, 1,036 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். 5 ஆண்டு அளவில், கால் குழாய் வைத்தவர்களைவிடக் கைக் குழாய் வைத்தவர்களுக்கு மாரடைப்பும் மறு சிகிச்சையும் குறைவு. மரணத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

எழுதுகிற கை எது?

வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது கையில்தான் எடுப்பார்கள். குமாஸ்தாவுக்குப் பேனா பிடிக்கிற கை தப்பும். ஆனால் தையல்காரர், தட்டச்சு செய்பவர், மிருதங்கம் வாசிப்பவர் என்றால் 2 கையும் வேண்டுமே? தன் தொழிலை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டை விரல் அடியில் மரத்துப்போவது சிலருக்கு வருகிறது. பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும்.

கையோ, காலோ, இப்போது நீளமாகக் கிழிக்காமலும் எடுக்கலாம். சின்னதாக ஒரு வெட்டு. அதன் வழியாகக் கேமராக் குழலை உள்ளே விட்டு, டி.வி.யில் பார்த்தபடி எடுக்கிறார்கள். கையில் என்றால் மணிக்கட்டருகே தழும்பு. கைக்கடிகாரம் கட்டினால் மறைந்துவிடும்! புண் வலி குறைவு என்பதால் நோயாளிகளுக்கு இது பிடிக்கிறது.

கால் குழாயைக் கேமரா வழியாக எடுத்தால் குழாயே கெட்டுவிடுமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. 2019-ல் அமெரிக்காவில் 1,150 பேரிடம் நடந்த ஆய்வு முடிவு வந்தது. இருதயத் தொல்லையில் 2 முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காலில் புண் சீழ் பிடித்தது கிழித்தவர்களில் 100-க்கு 3 பேர். கேமரா முறையில் ஒன்றரைப் பேருக்கும் குறைவு. ஆனால் கருவிக்குச் செலவு கூடுதல். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. பில் வந்த பிறகு முழிப்பதைவிட முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கைக் குழாய் எல்லோருக்கும் ஒத்துவராது. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்த கை, சிறுநீரகக் கோளாறால் நாளைக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம் என்கிற ஆள், இவர்களுக்கெல்லாம் டாக்டர்கள் யோசிப்பார்கள். எந்தக் கை என்று முடிவானதும், அந்தக் கையில் ஊசி குத்த வேண்டாம் என்று நர்சிடம் சொல்லி வைக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு விரல்களை மடக்கி நீட்டிப் பழக வேண்டும். காலில் எடுத்தவர்கள் உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். புண் சிவந்தாலோ, சீழ் கண்டாலோ, விரல் குளிர்ந்து வெளுத்தாலோ, அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.