மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது எப்படி?

உள்நாட்டுப் போரின்போது இலங்கை அரசு 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் வட இலங்கையின் வன்னியில் பெற்றோல் அரும்பொருளானது. 2002 போர்நிறுத்தம் வரை கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தெருக்களில் பல மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின.

தீப்பற்றுவது திரவமல்ல, அதன் ஆவி. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸிலும் எரியக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளிகளாகவே போய் பிளக்கை நனைத்துவிடும். பொறி பறந்தாலும் பற்றாது.

இதற்குக் கண்ட வழி சிறு போத்தல். தாங்கி நிறைய மண்ணெண்ணெய் இருக்கும். கையில் சில துளி பெற்றோல். காபரேற்றரின் காற்று வாயில் அதைப் பீய்ச்சி உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். அந்தச் சில நொடிச் சூட்டிலே பின்னால் வரும் மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும். வண்டி நின்று ஆறிவிட்டால் மறுபடியும் போத்தல்தான். கிடைத்த பெற்றோலை, அது இன்றியமையாத அந்தக் கணத்துக்கு மட்டும் ஒதுக்கியது மிக நுட்பமான சிந்தனை.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. அழுத்தத்தில் அது நேரமில்லா நேரத்தில் வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். சிலிண்டர் தலையின் கீழ் இன்னொரு கஸ்கற் வைத்தால் அழுத்தம் குறைந்து தட்டலும் அடங்கும். இழுவையும் சற்றுக் குறையும்.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். கரி படிந்த பிளக்கையும் சுரண்டித் துடைக்க வேண்டும்.